உறவினரின் முகத்தைப் பார்த்து உண்மையை அறிய முடியுமா?

கேள்வி: 9 பிப்ரவரி 2025

கொலை வழக்குகளில் இறந்தவரின் தாய், தந்தை, கணவன், மனைவி ஆகியோர் தொலைக்காட்சியில் பேசும்போது சற்றுக் கூர்ந்து கவனித்தால், யார் நடிக்கிறார், யார் உண்மையாகவே துடிக்கிறார் என்பது தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் கண்ணில் ஈரமே இல்லாமல் கோவையாகப் பேசினால் அங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் பொருள். நீதிமன்றத்தில் பணியாற்றியவர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

9 பிப்ரவரி, இரவு

தெரியாது என்பதே என் அனுபவம். நான் அமர்வு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சிக் கூண்டு என் மேசையை ஒட்டியே இருக்கும். அத்தனை அருகில் உட்கார்ந்திருந்தும், முகத்தை வைத்து முடிவு கட்டலாம் என்ற நம்பிக்கை எனக்கு வரவேயில்லை. விரிவாக நாளை எழுதுகிறேன்.

10 பிப்ரவரி

சாட்சி நடந்துகொள்ளும் விதத்தில் குறிப்பிடத்தக்கது ஏதேனும் இருந்தால் நீதிபதி அதைப் பதிவு செய்யலாம் என்பதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 280-ஆம் பிரிவு இருந்தது. 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆனால் நான் பார்த்த நீதிபதிகள் அதை மிகச் சிக்கனமாகவே பயன்படுத்தினார்கள். "சாட்சி அழுகிறார், தண்ணீர் கொடுக்கப்பட்டது" என்று ஒரு வரி சொல்வார்கள். நான் தட்டச்சு செய்வேன். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்த அழுகை உண்மையானதா என்று எந்த நீதிபதியும் எழுதச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு தாய் நினைவுக்கு வருகிறார். மகன் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் அவர்தான் அரசுத் தரப்பின் முதல் சாட்சி. குறுக்கு விசாரணை முழுவதும் அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். கேள்வி கடுமையாகும்போதெல்லாம் முந்தானையை வாயருகே கொண்டுபோய்ச் சிரிப்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை செத்ததைப் பற்றிக் கேட்கிறேன், உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா அம்மா?" என்று உரக்கக் கேட்டார். அதற்கும் அவர் சிரித்தார். பெரிய மனிதர்கள் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லாத கிராமத்துப் பெண்கள் பலர், பயம் வந்தால் இப்படித்தான் சிரிப்பார்கள். அவர் சொன்ன நேரமும் இடமும் ஆயுதமும் உடற்கூறாய்வு அறிக்கையோடும், கடைத் தெருவில் நின்ற வேற்று ஆட்களின் சாட்சியத்தோடும் பிசகாமல் பொருந்தின. அந்த முகத்தை மட்டும் ஒரு நிமிடம் தொலைக்காட்சியில் காட்டியிருந்தால் ஊரே அவரைச் சந்தேகப்பட்டிருக்கும்.

11 பிப்ரவரி

"ஒரு கிராமத்துத் தாயின் சிரிப்பை வைத்துப் பொது விதி சொல்ல முடியாது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சரி, உலகமே பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

1980 ஆகஸ்ட் 17 அன்று ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள உளுரு பாறையருகே லிண்டி, மைக்கேல் சேம்பர்லெய்ன் என்ற தம்பதியர் முகாமிட்டிருந்தார்கள். கூடாரத்தில் கிடத்தியிருந்த அவர்களுடைய ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போயிற்று. டிங்கோ என்னும் காட்டு நாய் தூக்கிச் சென்றது என்று தாய் சொன்னார். 1981 பிப்ரவரியில் முதல் மரண விசாரணை அவர் சொன்னதை ஏற்றது. ஆனால் மக்கள் ஏற்கவில்லை. தொலைக்காட்சியில் அவர் கதறவில்லை; நாய் எப்படி இழுத்திருக்கும், உடுப்பு எப்படிக் கிழிந்திருக்கும் என்று விவரமாகப் பேசினார். அவர்கள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையைச் சேர்ந்தவர்கள் என்பதால், குழந்தையைப் பலி கொடுத்தார்கள் என்ற வதந்தி வேறு. மீண்டும் விசாரணை நடந்து, 1982 அக்டோபரில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. காரில் கண்டெடுத்த குழந்தையின் இரத்தம் என்று நிபுணர் சொன்னதில் ஒரு பகுதி, கார்த் தொழிற்சாலையில் ஓசை தடுப்பதற்காகத் தெளிக்கப்பட்ட பூச்சு என்பது பிறகுதான் தெரிய வந்தது. 1986-இல் பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒருவரைத் தேடிப் போனபோது, டிங்கோக்கள் நடமாடும் இடத்தில் குழந்தையின் மேற்சட்டை கிடைத்தது. குழந்தை அந்தச் சட்டையை அணிந்திருந்தது என்று தாய் தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்திருந்தார். 1988-இல் தண்டனை நீக்கப்பட்டது. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி இறுதியாக அறிவித்தது 2012-இல்.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது வேறொன்று. அன்றிரவே பக்கத்தில் முகாமிட்டிருந்தவர்களில் ஒருவர் குழந்தையின் அழுகுரலையும் இன்னொருவர் நாயின் உறுமலையும் கேட்டதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு இந்தக் குடும்பத்தோடு உறவும் இல்லை, பகையும் இல்லை. தாய் சொன்னதைச் சரிபார்க்கக் கையில் இவ்வளவு இருந்தும், ஒரு நாடே அவருடைய கண்ணையும் கன்னத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

11 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

நம் நாட்டில் ஆருஷி என்ற சிறுமி கொல்லப்பட்ட வழக்கை மறந்துவிடாதீர்கள். 2008 மே மாதம் நொய்டாவில் நடந்தது. தாய் தொலைக்காட்சிப் பேட்டியில் அழாமல் பேசியதே அவருக்கு எதிரான சான்றாகப் பேசப்பட்டது. 2013 நவம்பரில் பெற்றோர் இருவருக்கும் ஆயுள் தண்டனை. 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. இதற்கு மேல் அந்த வழக்கில் நான் சொல்ல எதுவுமில்லை. எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

13 பிப்ரவரி

மறுபக்கத்தைச் சொல்லவில்லை என்ற குறையைத் தீர்த்துவிடுகிறேன். அழுதவர்கள் பொய்யர்களாக இருந்ததும் உண்டு. 1994 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சூசன் ஸ்மித் என்ற பெண், கறுப்பின ஆள் ஒருவன் தன் காரை மடக்கி, உள்ளே இருந்த இரண்டு மகன்களோடு கடத்திச் சென்றுவிட்டான் என்று புகார் கொடுத்தார். நாடு முழுவதும் பார்க்க, பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி கெஞ்சினார். ஒன்பது நாள் கழித்து, பிள்ளைகள் இருந்த காரை ஏரியில் இறக்கியது தாமே என்று ஒப்புக்கொண்டார்.

அவர் எப்படி அகப்பட்டார் என்பதைக் கவனியுங்கள். சிவப்பு விளக்குக்காக நின்றபோது ஆள் ஏறினான், சாலையில் வேறு வண்டியே இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். அந்தச் சந்திப்பின் விளக்கோ, குறுக்குச் சாலையில் வண்டி வந்தாலொழியச் சிவப்புக்கு மாறாதபடி அமைக்கப்பட்டது. வேறு வண்டியே இல்லையென்றால் விளக்கு சிவப்பாகியிருக்காது. விளக்கு சிவப்பு என்றால் குறுக்கே ஒரு வண்டி வந்திருக்க வேண்டும். கண்ணீரைப் பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசியிருந்தாலும் இந்த முரண் ஒன்றுதான் பிடிமானமாக இருந்தது.

2012-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் தாமே வைத்த தீயில் ஆறு பிள்ளைகளை இழந்த மிக் ஃபில்பாட் பத்திரிகையாளர்கள் முன் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் சிலர் நினைவு வைத்திருக்கலாம். அவரைப் பார்த்ததும் காவல்துறைக்குச் சந்தேகம் வந்தது உண்மைதான். ஆனால் வழக்கு நின்றது, ஆடையில் இருந்த பெட்ரோல் தடயத்திலும், தங்கியிருந்த விடுதி அறையில் ஒளித்து வைத்த ஒலிக்கருவி பதிவு செய்த பேச்சிலும்.

14 பிப்ரவரி

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆல்டர்ட் ஃப்ரை, சமந்தா மான் என்ற இரு உளவியலாளர்கள், காணாமல் போன அல்லது கொல்லப்பட்ட உறவினருக்காகப் பிரிட்டனில் பத்திரிகையாளர்கள் முன் பேசியவர்களின் படப் பதிவுகளை நெதர்லாந்துக் காவலர்கள் 52 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலர் உண்மையாகவே துயருற்றவர்கள். சிலர் தாமே கொன்றவர்கள். யார் எவர் என்று பிரிப்பதில் அந்தக் காவலர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தால் கிடைத்திருக்கும் அளவைத் தாண்டவில்லை என்று 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். பொய்யை இனங்காணும் திறன் பற்றிய பல ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2006-இல் பாண்டு, டிபவுலோ என்ற இருவர் கணக்கிட்டபோது கிடைத்த சராசரி 54 விழுக்காடு.

14 பிப்ரவரி, இரவு

காலையில் எழுதியதைச் சற்றுச் சுருக்கிக்கொள்கிறேன், ஏனெனில் எதிர்த் திசையில் ஒரு ஆய்வு இருக்கிறது. 2012-இல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இவ்வாறு தொலைக்காட்சியில் வேண்டுகோள் விடுத்த 78 பேரின் பதிவுகளை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பொய்யர்கள் என்று வழக்கில் பின்னர் நிறுவப்பட்டவர்கள். பொய்யர்கள் முகத்தில் வரவழைக்க முயன்ற சோகம் சரியாக அமையவில்லை. அவர்கள் குறைவாகவும் தயங்கித் தயங்கியும் பேசினார்கள். ஆகவே முகத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது மிகை. ஆனால் பயிற்சி பெற்றவர் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கூட்டத்தில் சராசரியாகக் கண்டுபிடித்த வேறுபாடு அது. அதை வைத்துக்கொண்டு, சோபாவில் சாய்ந்தபடி ஒரு குறிப்பிட்ட தகப்பனைக் கொலைகாரன் என்று சொல்லிவிட முடியாது.

15 பிப்ரவரி

மனைவி முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவதாக ஒருவர் பெருமைப்பட்டிருக்கிறார். அவருடைய மனைவியும் இந்த இழையைப் படிக்கிறார் என்று அறிகிறேன். வாழ்த்துகள்.

17 பிப்ரவரி

இனி நம்மூர் வழக்குகளுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தது இதுதான்.

"இறந்தவரின் சொந்தக்காரர், அதனால் பொய் சொல்வார்" என்ற வாதத்தை ஒவ்வொரு கொலை வழக்கிலும் எதிர்த்தரப்பு வைக்கும். உச்ச நீதிமன்றம் அதை 1953-லேயே, தலீப் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் மறுத்துவிட்டது. நீதிபதி விவியன் போஸ் அதில் சொன்னதன் சாரம்: நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு, நிரபராதியை மாட்டிவிட முன்வரும் கடைசி ஆளாகத்தான் இருப்பார். ஆனால் அதே மூச்சில் அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், வழக்கறிஞர்கள் அதைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்: பகை முற்றியிருக்கும் இடத்தில், குற்றவாளியோடு சேர்த்து, தனக்கு ஆகாத நிரபராதியையும் இழுத்துவிடும் போக்கு உண்டு.

இந்த இரண்டாவது பாதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இறந்தவரின் உறவினர் ஆளை மாற்றுவது அரிது. ஆளைச் சேர்ப்பது அன்றாடம். வெட்டியவன் ஒருவன், கூட நின்றவன் ஒருவன். ஆனால் கூண்டில் வந்து சொல்லும்போது அவனுடைய அப்பா, பெரியப்பா, வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் எல்லோரும் ஆளுக்கொரு அரிவாளோடு வந்து நிற்பார்கள். அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லும்போதும் சாட்சியின் கண்ணில் அதே கண்ணீர்தான், குரலில் அதே நடுக்கம்தான். துக்கம் உண்மை, கோபம் உண்மை, அண்ணன் மட்டும் பொய். முகத்தைப் பார்ப்பவர் இதைப் பிரிக்கவே முடியாது.

எப்படிப் பிரிப்பது? முதல் காகிதத்தைத் தேட வேண்டும். காயம்பட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்: இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு, தெரிந்த இருவர் அரிவாளால் தாக்கியதாகச் சொல்லப்படுகிறது. அதைச் சொன்னவர் பெரும்பாலும் கூட வந்த உறவினர்தான். அப்போது அவர் சட்டையில் இரத்தம் இருக்கும். பக்கத்தில் ஊர்ப் பெரியவர் இருக்க மாட்டார். வழக்கறிஞர் இருக்க மாட்டார். யாரைச் சேர்ப்பது என்று உட்கார்ந்து பேச நேரம் இருந்திருக்காது. அந்தப் பதிவேட்டில் "இருவர்", முதல் தகவல் அறிக்கையில் ஐவர், காவல்துறை பின்னர் பதிவு செய்த வாக்குமூலத்தில் எழுவர் என்று எண்ணிக்கை வளர்ந்தால், எந்தக் கட்டத்தில் யார் புகுந்தார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு இடம், குற்றவியல் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) போகும் முதல் தகவல் அறிக்கை. எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்று நாங்கள் சொல்வோம். காவலர் ஒருவர் அதை நடுவரின் வீட்டுக்கே எடுத்துச் செல்வார். நடுவர் தம் கையால் ஓரத்தில் தேதியும் மணியும் எழுதிக் கையொப்பமிடுவார். இரவு ஒன்பது மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் புகார், நடுவர் கைக்கு மறுநாள் பிற்பகல்தான் வந்தது என்றால், இடையில் என்ன நடந்தது என்று வழக்கறிஞர் கேட்பார். கேட்க வேண்டும். பக்கக் கணக்கில் தட்டச்சு செய்த சாட்சியத்தை விட, நீல மையில் கோணலாக எழுதிய அந்த "4.30 ஏ.எம்." பல வழக்குகளில் அதிகம் பேசியிருக்கிறது.

பெருங்கூட்டம் குற்றம் சாட்டப்படும் வழக்குகளுக்கு 1964-இல் மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: குறிப்பிட்ட ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால் இரண்டு மூன்று சாட்சிகளாவது அவரைப் பற்றி ஒத்துச் சொல்ல வேண்டும். உறவினர் முழுப் பொய்யரல்லர், முழு உண்மையும் சொல்பவரல்லர் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகு செய்யக்கூடிய ஏற்பாடு அது.

18 பிப்ரவரி

வழக்கறிஞர் ஒருவர் தனிச் செய்தியில் நினைவூட்டியது நியாயமானது, இங்கேயும் பதிந்துவிடுகிறேன். விபத்துப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. மருத்துவரின் வேலை உயிரைக் காப்பது. எத்தனை பேர் வெட்டினார்கள் என்பதை அவர் அவசரத்தில் கேட்டும் கேளாமலும் எழுதியிருக்கலாம். கூட வந்தவர் சம்பவத்தைப் பார்க்காதவராகவும் இருக்கலாம். எண்ணிக்கை முரண் மட்டுமே வழக்கை உடைத்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியுள்ளன. அது கேள்வியை எழுப்பும் காகிதம். விடை வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

ஒரே ஒரு உறவினரின் சொல்லை மட்டும் நம்பித் தண்டித்ததும் உண்டு. 1957-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த வடிவேலு தேவர் வழக்கு அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து போனது. கொல்லப்பட்டவர் தேநீர்க் கடைக்காரர். அவருடைய மனைவியின் சாட்சியத்தின் மேல்தான் வழக்கே நின்றது. முற்றிலும் நம்பத்தக்கவர், முற்றிலும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர் என்று சாட்சிகளை மூன்றாகப் பிரித்து, மூன்றாம் வகையினருக்குத்தான் வேறு சான்றின் துணை தேவை என்று சொன்ன தீர்ப்பு அது.

18 பிப்ரவரி, மாலை

கொலை நடக்கும் இரவுகளில் உறவினர் எல்லோரும் தெருவிளக்கின் அடியில் நின்றே பார்த்திருப்பார்கள் என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லையே. அதனால்தான் மின்வாரிய அலுவலரையும் சாட்சியாக அழைத்து, அன்றிரவு மின்சாரம் இருந்ததா என்று கேட்பது. அவர் ஒருவர்தான் எந்தச் சாதிக்கும் எந்தக் குடும்பத்துக்கும் சார்பில்லாமல் "மின்தடை ஏதுமில்லை" என்று சொல்லிவிட்டுப் படி வாங்கிக்கொண்டு போவார்.

20 பிப்ரவரி

குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இவர்களுடைய பொய்யின் வடிவம் வேறு. "அன்றிரவு அவன் வீட்டில்தான் இருந்தான்" என்ற பெரிய பொய்யை எல்லோரும் எதிர்பார்ப்பதால் அது அவ்வளவு ஏமாற்றுவதில்லை. சிக்கல் தருபவை மானத்துக்காகச் சொல்லும் சின்னப் பொய்கள்தான். மகள் யாரையோ விரும்பினாள் என்பதை மறைப்பார்கள். கந்து வட்டிக்கு வாங்கியதை மறைப்பார்கள். மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருந்ததை, "கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தாள்" என்பார்கள். விசாரணை அதிகாரி அந்தச் சின்னப் பொய்யைக் கண்டுபிடித்ததும், இதிலே பொய் சொன்னவர் அதிலும் சொல்வார் என்று முடிவு கட்டி, வேறு திசையில் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். ஒன்றில் பொய் சொன்னவர் எல்லாவற்றிலும் பொய்யர் என்ற விதி இந்திய நீதிமன்றங்களில் செல்லாது. நெல்லையும் பதரையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் காவல் நிலையத்து மேசையிலும் ஊர்த் திண்ணையிலும் அந்த விதி இன்றும் உயிரோடு இருக்கிறது.

பிறழ் சாட்சிகளாக மாறும் உறவினர்களைப் பற்றி நிறைய எழுதலாம், எழுத மனமில்லை. இரு குடும்பமும் நிலத்திலோ பணத்திலோ சமரசமாகிவிடும். சொந்தத் தம்பி செத்ததைப் பார்த்த அண்ணன் கூண்டில் ஏறி, "நான் அந்த நேரம் ஊரிலேயே இல்லை" என்பார். அப்போது அவர் முகத்தில் எந்தத் தடுமாற்றமும் இருக்காது. பல மாதங்களாக வீட்டில் பேசி முடித்த முடிவு அது.

21 பிப்ரவரி

உண்மை கண்டறியும் கருவியை எல்லா உறவினருக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று எழுதிய இளைஞருக்கு: 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமின்றி அந்தச் சோதனையையோ, மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் பேச வைக்கும் நார்கோ, மூளை வரைபடச் சோதனைகளையோ நடத்துவது அரசமைப்புக்கு முரண் என்று தீர்த்துவிட்டது. அந்த மனுதாரரே, மகள் சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டதை அடுத்து மருமகன் கொல்லப்பட்ட வழக்கில் சந்தேகத்துக்குள்ளான தாயார்தான். சம்மதத்தோடு நடத்தினாலும் சோதனை முடிவு தானாகச் சான்றாகிவிடாது. அந்தக் கருவி அளப்பது இதயத் துடிப்பு, மூச்சு, வியர்வை. பிணவறை வாசலிலிருந்து நேராக வந்த ஒருவருக்கு இவை மூன்றும் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

24 பிப்ரவரி

முதலில் கேள்வி கேட்ட நண்பர் இன்று தனிச் செய்தியில் உண்மைக் காரணத்தைச் சொன்னார். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அவர் சித்தி மகன் ஓர் அடிதடி வழக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறார். சம்பவ நேரத்தில் பேருந்தில் வந்துகொண்டிருந்ததாகத் தம்பி சத்தியம் செய்கிறார். சொல்லும்போது கண்ணைப் பார்க்க மறுக்கிறார். வீட்டில் பாதிப் பேர் நம்பவில்லை.

நண்பரே, தம்பி கண்ணைப் பார்க்காததற்கு நூறு காரணம் இருக்கலாம், அவமானம் உட்பட. உங்களுக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடாதீர்கள். அவரை முழுவதும் பேச விடுங்கள். 2006-இல் சுவீடனில் காவல் பயிற்சி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். கையில் உள்ள சான்றை எப்போது வெளியிடுவது என்று பயிற்சி பெற்றவர்கள் 85 விழுக்காடு அளவுக்குச் சரியாகக் கணித்தார்கள். பெறாதவர்கள் 56 விழுக்காடுதான். வேறுபாடு, சான்றைக் கடைசிவரை கையில் வைத்திருந்ததில்தான். எந்த நிறுத்தத்தில் ஏறினார், நடத்துநர் சில்லறை கொடுத்தாரா, வழியில் யாரோடு கைப்பேசியில் பேசினார், இறங்கியதும் எந்தக் கடையில் பணம் செலுத்தினார் என்று அவசரமின்றிக் கேளுங்கள். பொய் சொல்பவர் பேருந்தை மட்டும் யோசித்து வைத்திருப்பார், பயணத்தை யோசித்திருக்க மாட்டார். கேட்டதைத் தேதியிட்டு எழுதி வழக்கறிஞரிடம் மட்டும் கொடுங்கள். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கைப்பேசி அழைப்பு விவரத்தையும் கோபுர இருப்பிடத்தையும் நிறுவனத்திடமிருந்து தருவிக்க நீதிமன்றத்தில் மனு போடலாம். காலம் கடந்தால் பதிவுகள் அழிந்துவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

24 பிப்ரவரி, இரவு

பயணச்சீட்டு இருக்கிறது என்று இப்போது சொல்கிறீர்களே, அதை அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும். கருவியில் அச்சான சீட்டென்றால் தேதி, நேரம், ஏறிய நிறுத்தம் எல்லாம் அதிலேயே இருக்கும். அந்தத் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். இன்றைக்கே இருபக்கமும் படமெடுத்து, நகலெடுத்து, அசலை உறையில் போட்டு வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள். தம்பியின் சட்டைப் பையிலேயே விட்டுவைத்தால், வீட்டில் யாராவது அதைத் துவைக்கப் போட்டுவிடுவார்கள்.